எரு போடாத பாத்தி

இருபது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த மனுஷனுக்கு வெயில்மேல் ஆசை வந்ததில் தப்பில்லை. மகளுக்கு விஷமில்லாத சாப்பாடு போட வேண்டும் என்று நகரத்து வீட்டைக் காலி செய்து, குடும்பத்தோடு ஒரு துண்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தார் மெக்கானிக். கரண்டுக்கு சோலார் தகடு, குடிக்க மழைநீர்த் தொட்டி, சாப்பாடு இனி விளைந்தால்தான்.

"ஒரே ஒரு அறுவடை பாப்பேன். தோட்டம் நம்ம மூணு பேருக்கும் சோறு போட்டா இருப்போம். இல்லேன்னா கிளம்பிடணும்" என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். திரும்பினால் அவருக்கு மறுபடியும் அந்த இருட்டு லிஃப்ட் குழி.

ரசாயன உர மூட்டையை வாசல்படி ஏறவிடவில்லை. பக்கத்துப் பால்காரரிடம் சாணி எரு கேட்டு வாங்கி, மூன்று மாதம் தள்ளுவண்டியில் இழுத்து, ஒரு சாண் விடாமல் பரப்பினார். மகள் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். அவளுடைய தனிப் பாத்தியில் இருந்த நாலு தக்காளிச் செடிக்கு வெறும் தண்ணீர்தான்.

"மகாராணிக்கு நாத்தம் ஆகாதோ?" என்று தினமும் கிண்டல் செய்தார்.

பீன்ஸ் முளைத்தது, தக்காளி முளைத்தது. முளைத்த கையோடு இலையெல்லாம் சுருண்டது. சோப்புத் தண்ணீர் தெளித்தும் பலனில்லை. கடைசியில் பால்காரரையே கூட்டிவந்து காட்டினார்.

அவர் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"அண்ணே, நான் வெளியில வாங்கின புல்லுக்கு களைக்கொல்லி அடிச்சிருக்காங்க. புல்லுக்கும் மாட்டுக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அந்த மருந்து சாணியில அப்படியே வந்துடுமாம். இன்னொருத்தர் தோட்டமும் இப்படித்தான் போச்சு. எனக்கே நேத்துதாண்ணே தெரியும்."

"எடுத்துட முடியாதா?"

"மண்ணோட கலந்தாச்சே. ரெண்டு மூணு வருஷம் ஆகும்கிறாங்க."

கோபப்படக்கூட ஆளில்லை. விஷத்தை வாசலில் தடுத்தவர்தான் வண்டி வண்டியாக இழுத்து வந்து கொட்டியிருக்கிறார். மனைவி உள்ளே போய்ப் பெட்டியைத் தூசி தட்டினாள். திட்டித் தீர்த்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு.

சட்டென்று மகளின் பாத்தி ஞாபகம் வந்தது. அது ஒன்றாவது காய்த்தால், அதைக் காட்டி இன்னொரு வருஷம் கேட்கலாம். விழுந்தடித்து ஓடினார். நாலு செடியும் பூவோடு நின்றன. குனிந்து பார்த்தார். நுனி இலைகள் லேசாகச் சுருண்டிருந்தன. செடியடி மண் கறுப்பாக இருந்தது.

பின்னாலேயே மகள் வந்து நின்றாள்.

"போன வாரமே எரு போட்டுட்டேன்ப்பா. நாலு கூடை. நல்லா கிளறி விட்டேன். மூக்கைக்கூட பொத்தல!"

"கெட்டிக்காரி" என்றார் அவர்.