மெஷின் மேல்தான் தப்பு என்றேன்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் எங்கள் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து தகடு அழுத்தும் புது பிரஸ் ஒன்று வந்தது. மறைமலை நகரில் வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. பிரஸ்ஸைப் பொருத்திக் கொடுக்க ஓர் எஞ்சினியரும் கூடவே வந்து பதினைந்து நாள் இருந்தார். எங்களோடு பேச அவருக்கு மொழி கிடையாது. ஆனால் கேன்டீனில் சாம்பார் சாதத்தைத் தின்றுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அவர் ஊருக்குப் போன பிறகு பார்த்தால், அவருடைய மேஜை இழுப்பறையில் ஒரு புத்தகம் கிடந்தது. செங்கல் தடிமன். பக்கத்துக்குப் பக்கம் படம். எழுத்து ஒன்றும் விளங்காது, படம் விளங்கும். ஒரு ரோபோ, ஒரு கிழவர், ஒரு கொலை.

புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டவர் எங்கள் ஸ்டோர்கீப்பர். திருநெல்வேலிக்காரர். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டார், சட்டமும் போட்டார்.

"ஏ, யாரும் கையி வைக்கப்பிடாது கேட்டியளா? அம்புட்டும் எண்ணெய்க் கையி. நான் பொரட்டுதேன், நீங்க பாருங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தாளு. அதுக்கு மேல ஆசப்படாதிய."

பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். கம்பெனி பஸ் கிளம்ப இன்னும் அரைமணி இருக்கும். அந்த அரைமணிதான் எங்கள் வாசிப்பு நேரம். ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் முண்டியடித்து நிற்போம். அவர் நிதானமாகத் தாளைப் புரட்டுவார்.

நாங்கள் முதலில் பார்த்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மழை. ரோபோ நிமிர்ந்து நிற்கிறது. அதன் முன்னால் ஒருவன் மண்டியிட்டுத் தலையைக் குனிந்திருக்கிறான். அவன் கையில் ஒரு சின்ன சாவி.

படப்பையிலிருந்து வரும் வெல்டர் உடனே சொன்னார். "ஆயுத பூஜடா! அங்கயும் மெஷினுக்குப் பூஜ போடுறானுங்க பாரேன். சாமிக்கு முன்னாடி எப்பிடி வுழுந்து கெடக்கிறான்!"

ஆயுத பூஜைக்கு அப்போது ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆனாலும் புது மெஷின் வந்த வருஷம் என்பதால், பிரஸ்ஸுக்கு யார் சந்தனம் வைப்பது, பூசணிக்காய் எங்கே உடைப்பது என்பதுதான் ஷெட்டில் பேச்சு. அதனால் வெல்டர் சொன்னது எல்லோருக்கும் சரியாகப்பட்டது. எனக்கும்தான்.

கதை கொஞ்சம் விசித்திரமாகத்தான் போனது. ஒருவன் முதலில் கண்ணீர் விட்டான், அடுத்த பக்கத்தில்தான் அடி வாங்கினான். "இன்னாடா இவன், அட்வான்ஸா அழுவுறான்!" என்றார் வெல்டர். கதவு முதலில் உடைந்தது, பிறகு பூட்டிக் கிடந்தது. ஜப்பான்காரன் கதை அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

கொலை செய்தது யார் என்பதில் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்தது. ஸ்டோர்கீப்பர் இரும்பு பீரோவின் கதவில் சாக்பீஸால் ரோபோ ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம் என்று எழுதி, ஆளுக்கொரு கோடு போடச் சொன்னார். கிட்டத்தட்ட எல்லாக் கோடுகளும் ரோபோவின் பக்கம் விழுந்தன. என்னுடையதும் அங்கேதான். மனுஷன் பக்கத்தில் ஒரே கோடு நின்றது. அதைப் போட்டவன் என் நண்பன். சேரப்பணஞ்சேரிக்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன். அதே பிரஸ்ஸில் காலை ஷிப்ட் நான், பகல் ஷிப்ட் அவன். நாங்கள் படம் பார்க்கும் நேரத்தில் அவன் மெஷினில் நிற்பான்; கதையை மறுநாள் ஷிப்டுக்கு முன்னால் கேன்டீனில் எங்களிடம் கேட்டுக்கொள்வான்.

"மெஷினுக்கு இன்னாண்ணா தெரியும்?" என்பான். "நாம அமுக்குனா இறங்குது, வுட்டா ஏறுது. அது மேல போய் கேஸ் போடுறீங்களே!"

"உனக்கு ரோபோ சொந்தக்காரனாடா?" என்று வெல்டர் சீண்டுவார்.

"உங்களவுட மேல்ணா. வெத்தல போட்டுத் துப்பறதில்ல."

இனி அந்த பிரஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பக்கம் இரண்டு பொத்தான்கள். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து இரும்பு அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால், கை உள்ளே மாட்டாது. ஜப்பான்காரர் பதினைந்து நாளும் இதைத்தான் எங்களுக்குச் செய்து செய்து காட்டினார். அவர் போன மறுநாளே, பதினாறாம் நாள், நாங்கள் குறுக்குவழி கண்டுபிடித்தோம். தீப்பெட்டி அட்டையை மடித்து வலது பொத்தானின் விளிம்பில் சொருகினால் அது அமுங்கியபடியே நிற்கும். அப்புறம் ஒரு பொத்தான் போதும். ஒரு கை பொத்தானில், ஒரு கை தகட்டில். வேலை பறக்கும். சூப்பர்வைசருக்குத் தெரியும். அந்தப் பக்கம் வரும்போது மட்டும் அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு போவார்.

ஆனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அட்டையைச் சொருகியவன், ஷிப்ட் முடிந்ததும் அதைத் தானே பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். அடுத்து வருகிறவன் கையில் சுத்தமான மெஷினைத்தான் கொடுக்க வேண்டும். யாரும் எழுதி ஒட்டாத விதி. இதை மீறியவன் அதுவரை யாரும் இல்லை. என் நண்பனோ அட்டையே வைக்கமாட்டான். அவனுக்கு வேறொரு பழக்கம். இடது கையைப் பொத்தான் மேல் அழுத்தி வைத்துக்கொண்டே, வலது கையால் தகட்டை நேர்செய்வான். இரண்டும் அமுங்காமல் இறங்காது என்ற நம்பிக்கை.

கடைசிப் பக்கங்களைக் காட்டுவதாக ஸ்டோர்கீப்பர் சொல்லியிருந்த நாள் வந்தது. சங்கு ஊதியது. நான் கையைத் துடைத்துக்கொண்டே ஓடினேன். எதிரே வந்த நண்பன், "நான் ஷிப்ட்ல மாட்டிக்கினேன். யாரு கொன்னான்னு நாளைக்கி ஒழுங்கா சொல்லணும், கப்ஸா வுடக்கூடாது" என்றான். "உன் ரோபோதான்டா, போ" என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

நாங்கள் கடைசி என்று நினைத்த பக்கத்தில் கிழவர் செத்துக் கிடந்தார். பக்கத்தில் ரோபோ. அதன் கையில் ரத்தம்.

வெல்டர் துள்ளினார். "நான் அப்பவே சொல்லல? மெஷின நம்பாதீங்கடா!"

பீரோவில் ஸ்டோர்கீப்பர் மனுஷன் பக்கத்துக் கோட்டை விரலால் அழிக்கப் போனார். அப்போது ஷெட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. மெஷின் சத்தத்தை மீறிக் கேட்ட மனிதச் சத்தம். ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். எப்போதும் பிடுங்கிப் போட்டுக்கொள்ளும் அட்டை அதில் இல்லை.

அவனுடைய வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அதற்குள் ஸ்டோர்கீப்பர் வந்து புத்தகத்தை அவனிடம் கொடுத்திருந்தார். "பயலுக்குப் பொழுது போகணும்லா" என்றாராம். எண்ணெய்க் கைக்குத் தராத புத்தகத்தை மருந்துக் கைக்குத் தந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "ண்ணா, வா வா. உங்களுக்கெல்லாம் ஒரு விசயம் தெரியுமா? நாம இத்தினி நாளா பொஸ்தகத்தத் தலகீழா படிச்சிக்கினு இருந்திருக்கோம்."

வலது கையில் பெரிய கட்டு. அதனால் இடது கையால்தான் புரட்டியிருக்கிறான். இடது கைக்கு எது வாகோ அந்தப் பக்கத்திலிருந்து திறந்திருக்கிறான். கதை தானாக ஓட ஆரம்பித்துவிட்டதாம்.

"அவங்க வலப்பக்கத்துலேர்ந்துதான் படிப்பாங்க போல. இப்பப் பாரு. கிழவன் செத்துப்போறதுதான் ஆரம்பம். கதவு பூட்டிக்கீது, அப்புறம் ஒடைக்கிறாங்க. அடி வாங்குறான், அப்புறம் அழுவுறான். எல்லாம் கரெக்டா வருதா?"

வந்தது. ஒவ்வொரு தாளாக நான் புரட்டிக் கொடுக்க, அவன் சொல்லிக்கொண்டே வந்தான். எங்களுக்கு முதலாக இருந்த மழைப் படம் கடைசியாக வந்தது.

"இது ஆயுத பூஜ இல்லண்ணா. மூஞ்சியப் பாரு. ரோபோ முதுவுல ஒரு பூட்டு கீது. அது பூட்டியிருந்தா யாரையும் அது ஒண்ணியும் பண்ணாது. இந்த ஆளு ஏதோ அவசரத்துல தொறந்துட்டு, பூட்டாம போய்க்கிறான். வேணும்னு செஞ்ச மாதிரி தெரியல. அதான் வந்து மண்டி போட்டு அழுவுறான்."

அந்தப் படங்கள் சொன்னது அதைத்தானா, அவன் அப்படிப் படித்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. பூட்டு என்று அவன் காட்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது, அவ்வளவுதான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லுண்ணா. இப்ப யாரு மேல தப்பு?"

 சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல வாசலை வாழ்க்கையில் யாரும் எனக்குத் திறந்து வைத்ததில்லை.

"மெஷின் மேல்தான்" என்றேன்.

அவன் இடது கையால் புத்தகத்தை மூடினான். பிறகு, "அதானே, உன் கோடு அந்தப் பக்கந்தானே" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. மேனேஜர் ரூமில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் ஒரு காகித உறைக்குள் அந்தத் தீப்பெட்டி அட்டை, எண்ணெய் ஊறி, மடிப்பு கலையாமல். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கூரையைப் பார்க்கும் சூப்பர்வைசர், இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தனக்கு இன்றுதான் தெரியும் என்றார். என்னைக் கேட்டார்கள். "நீ போகும்போது மெஷின் சரியாக இருந்ததா?" "இருந்தது சார்." எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். கையெழுத்துப் போட்ட கையில் ஐந்து விரல்களும் இருந்தன.

அவனைக் கேட்டபோது, அட்டை தான் வைத்ததில்லை என்று மட்டும் சொன்னானாம். யார் வைத்தது என்று கேட்டார்களாம். "வச்சத நான் பாக்கல சார்" என்றானாம். அவனுக்குத் துணையாக உள்ளே போயிருந்த வெல்டர்தான் வெளியே வந்து எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நல்ல பையன்டா அவன்" என்றார்.  அன்றிலிருந்து என்னிடம் அவர் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஓட்டுகிற ஆள்தான் முதலில் மெஷினைச் சோதிக்க வேண்டும், அதனால் கவனக்குறைவு அவனுடையதே என்று எழுதினார்கள். அவனுக்கு வேலை போய்விட்டது. ஆயுத பூஜை அன்று பிரஸ்ஸுக்குச் சந்தனம் வைத்தார்கள். நான் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே உடைந்து கிடந்த பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். அவன் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். பம்பின் அடியைக் காலால் மிதித்து, இடது கையால் மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தான். பாதி அமுக்கலிலேயே பம்பு சாய்ந்துவிடும். மறுபடி நிமிர்த்துவான். நான் பம்பை வாங்கி அடிக்க ஆரம்பித்தேன். நாலைந்து அடி அடித்ததும் தானாக வாயில் வந்துவிட்டது.

"அட்டை என்னோடதுடா. புத்தகம் பாக்க ஓடுனேன். பிடுங்க மறந்துட்டேன்."

"தெரியும்" என்றான்.

"எப்போ?"

"அன்னிக்கே. நான் கீழ கெடந்தப்பவே அட்டையப் பாத்தேன். நீ வாங்குற தீப்பெட்டி எனக்குத் தெரியாதா? மடிக்கிறதும் நீ ஒருத்தன்தான் முக்கோணமா மடிப்ப." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஆஸ்பத்திரில கேட்டனே. நீயா சொல்லுவன்னு பாத்தேன். நான் வாயத் தொறந்து சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்ணா."

"நாளைக்கே மேனேஜர்ட்ட போய்ச் சொல்றேன்."

"இப்ப சொல்லி? எனக்கு விரலு மொளைக்குமா? உன் வேலையும் போவும். உன் வூட்லயும் கொயந்தைங்க கீது. அங்க சொல்ல வேண்டியத என்கிட்ட வந்து சொல்ற. நான் இத வச்சிக்கினு இன்னாண்ணா பண்றது?"

உள்ளேயிருந்து அவன் மனைவி, யார் வந்திருக்கிறது என்று கேட்டாள். "கம்பெனி ஆளு. கெளம்பிட்டாரு" என்று குரல் கொடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னான். "கொஞ்ச நாளு இந்தப் பக்கம் வராதண்ணா. உன்ன வேணான்னு சொல்லல. உன்னப் பாத்தா கையி வலிக்குது, அதான்."

சரி என்றேன். பம்பைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு நடந்தேன். தெருமுனை வந்த பிறகுதான் டயரில் பாதிக் காற்றுதான் ஏறியிருந்தது என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் மறுபடி பம்பை நிமிர்த்திக் காலால் மிதித்துக்கொண்டிருந்தான். போய் மீதியையாவது அடித்துக் கொடுத்துவிட்டு வரலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். வராதே என்று சொன்னவன் வீட்டுக்கு எப்படிப் போவது? நின்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.