வளைந்த ஃபிலிமில் அக்கா

கேமராவின் இரண்டு லென்ஸுக்கும் நடுவே சந்தனப் பொட்டு வைத்திருந்தார் மாமா. அக்காவின் கணவர், கும்மிடிப்பூண்டியில் லேத் ஓட்டுகிறவர். மேல் லென்ஸில் பார்த்துக் கீழ் லென்ஸில் பிடிக்கும் அந்தப் பழைய கேமரா அவருக்கு உயிர். ஆயுத பூஜையன்று ஸ்பேனர்களோடு அதையும் படைத்துவிட்டார், உள்ளே ஃபிலிமோடு. படைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்தக் கேமராவுக்குள் ஃபிலிம் ஓர் உருளையில் வளைந்துதான் மேலேறும். நகராமல் கிடந்தால் வளைவு அப்படியே உறைந்துவிடும்; லென்ஸுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது தட்டையாகப் படியாமல் உப்பிக்கொள்ளும். உப்பிய இடத்தில் படம் மங்கும். மிச்சமிருந்ததோ கடைசி ஒரு படம், இரவெல்லாம் வளைந்து கிடந்த அதே துண்டு.

காலையில் நல்ல மழை. கூடத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள் அக்கா. இரும்பாலையில் தாடைமேல் நெருப்புப்பொறி தெறித்த நாளிலிருந்து, யார் போனை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

"இன்னிக்கு ஒருதபாதான். அப்பால கேட்டா கேமராவ ஏரில வீசிடுவேன்."

மாமா தலையில் கைவைத்தார். எனக்கோ சந்தோஷம். உப்பல் படத்தின் கீழ்ப்பக்கம் விழும். லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து எடுத்தால் தாடை புகையாய்க் கரைந்துவிடும்.

"தழும்பே தெரியாது மாமா, அப்டியே எடு," என்றேன்.

அக்கா திரும்பினாள். "மறைக்கிறதுக்கு எனுக்குத் தெரியாதாடா? நான் இன்னாத்துக்கு வந்து ஒக்காந்துகினு கீறேன்?"

மாமாவின் முகம் மாறியது. "ஓட்டைய சின்னதாக்கினா, ஃபிலிம் உப்பிக்கினு இருந்தாலும் எல்லாம் வெட்டுனாப்ல உயுந்துடும். ஆனா வெளிச்சம் பத்தாது. ரெண்டு செகண்டு ஆடாம, பேசாம இருக்கணும்." என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "தாலி கட்டசொல்லவே பேசிக்கினு இருந்தவ மச்சான் இவ!"

"மூச்சாவது உடலாமா?"

"உடாதே."

அக்கா உதட்டை இறுக்கினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, தழும்பிருக்கும் பக்கத்தை லென்ஸுக்குக் கொடுத்தாள். கவரைப்பேட்டைப் பக்கம் ஏதோ ரயில் ஊதிக்கொண்டு போனது. இமைகூட அசையவில்லை அவள்.

இன்று போனில் எடுக்கும் முகமெல்லாம் கழுவிய தட்டாக வழவழத்து வருகிறது, யாருடையதென்றே தெரிவதில்லை. அந்தப் படத்தில் மட்டும் நெருப்பு ஓடிய வழி, சுருங்கிய தோலின் ஒவ்வொரு மேடும் துல்லியம். அதைக் கூடத்தின் நடுவில் மாட்டச் சொன்னது அக்காதான். புதிதாக வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சங்கடத்தில் சட்டென்று பார்வையை இறக்கிக்கொள்வார்கள்.

"இன்னாத்துக்கு குனியறே?" என்பாள் அக்கா. "கிட்ட போய்ப் பாரு."