ஒரு சாண் ஒயர்

பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவள் ஒயரக்காதான். ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்றால் மற்ற மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே மூடிவிடுவார்கள். பிறகு வண்டி அவள் ஷெட்டுக்கு வரும்.

ஓவர்டிரைவ் ஒன்றும் மாயமந்திரமில்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கூடுதல் கியர். நீண்ட சாலையில் போட்டால் என்ஜின் மூச்சு வாங்காமல் ஓடும். ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சைத் தட்டினால் ரிலே டக்கென்று ஒட்டும், கரண்ட் போகும். ஆனால் நடுவில், கியர்பாக்ஸ் மேல், ஒரு காவல் சுவிட்ச் உண்டு. மேல் கியர்களைத் தவிர வேறெதிலும் அது கரண்டை விடாது. ஓவர்டிரைவ் போட்டபடி ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே எல்லாம் தூள்தூளாகிவிடும். ஓட்டுகிறவன் மறப்பான் என்று தெரிந்துதான் அந்தக் காவலையே வைத்தார்கள்.

அவளுடைய அண்ணன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவரிடம் ஒரு பச்சைக் கார் இருந்தது. போன வருடம் அவருக்கு மறதி தலைகாட்டியது. "இப்போதைக்கு வண்டி ஓட்டலாம். ஒரு தப்பு நடந்தாலும் நிறுத்திடணும்" என்றார் டாக்டர். அண்ணியின் கையைப் பிடித்து அதற்குச் சம்மதித்துவிட்டு வந்தார் அண்ணன். அப்புறம் தினமும் ஓட்டினார். தேறவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி ஓட்டினார்.

ஒரு சனிக்கிழமை அந்தக் காரின் காவல் சுவிட்ச் செத்துப்போனது.

"புது சுவிட்ச் வர பத்து நாளாகும்ணே."

"பத்து நாளா? நாளைக்கே உங்க அண்ணிய சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்மா. ஓவர்டிரைவ் இல்லாம உறுமிக்கிட்டே போனா, வழியெல்லாம் அவளும் சேர்ந்து உறுமுவா."

அண்ணன் கேட்டு அவள் இல்லை என்று சொன்னதில்லை. ஒரு சாண் ஒயரை வெட்டி, அந்த சுவிட்சைத் தாண்டி நேராக இணைத்துவிட்டாள். வேறு யாராவது செய்திருந்தால் வாயில் வந்தபடி திட்டியிருப்பாள். ரிவர்ஸ் எடுக்கும்போது ஜாக்கிரதை என்று சொல்ல நினைத்தாள். கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தவள், சொல்லவில்லை.

மறுநாள் உறவினர் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது ஓவர்டிரைவ் உள்ளே உடைந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்கள். அண்ணன் சாவியை மேஜைமேல் வைத்தார். "சுவிட்ச அணைக்க மறந்துட்டேன்மா. டாக்டர் சொன்ன அந்த ஒரு தப்பு இதுதான். இனிமே எனக்கு வேணாம்."

பக்கத்தில் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். மறந்தது நீ இல்லை அண்ணே. தப்பு என்னுடையது. ஊர்க் காருக்கெல்லாம் கோளாறு கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் கோளாறைச் சொல்ல நாக்கு எழவில்லை. முதலில் சரிசெய்து கொடுத்துவிடுவோம், பிறகு சொன்னால் பெரிதாகத் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வெட்கங்கெட்ட சமாதானம் அது. அவளுக்கே தெரியும்.

பாகங்கள் ஒவ்வொன்றாக வந்துசேர ஏழு மாதமாயிற்று. அதற்குள் அண்ணன் ஒடுங்கிப்போனார். பேப்பர் படிப்பதை விட்டார். வாசலுக்குப் போகவும் அண்ணியைக் கேட்டார். "வண்டி போன அன்னிக்கே அவருக்குத் தன்மேல இருந்த நம்பிக்கையும் போயிடுச்சு" என்று அண்ணி போனில் சொன்னபோதும் ஒயரக்கா "உம்" கொட்டினாளே தவிர வாய் திறக்கவில்லை.

கடைசியில் வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அவர் காலடியில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். சுவிட்ச் செத்தது, ஒயர் போட்டது, சொல்லாமல் விட்டது, அவர் சாவியை வைத்தபோதும் ஊமையாக நின்றது. அழுதுகொண்டே சொன்னாள்.

 அவர், அழாதீங்க என்பதுபோல் அவள் தோளைத் தட்டினார்.

"இத உங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களாம்மா?" என்றார். "தன் தப்புன்னு நெனச்சு அந்த மனுஷன் நொந்துக்கிட்டு இருப்பாரே. சீக்கிரம் போய்ச் சொல்லிடுங்க."