அம்மா போட்ட வழி

அம்மா டயாலிசிஸ் பிரிவின் மூத்த நர்ஸ். அந்தக் கூடத்தில் யாரும் சொந்தப் பெயரோடு இருக்க முடியாது; அவள் பட்டப்பெயர் வைத்துவிடுவாள். அளவு மீறித் தண்ணீர் குடித்துவிட்டு, எடை மேடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தையல்காரர் ‘டேங்கர்’. எதையும் ஓடிக்கொண்டே செய்யும் இளைய நர்ஸ் ‘அவசரம்’. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற என் அப்பா ‘டிரைவர் சார்’.

அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததும் அவரையும் தன் பிரிவிலேயே சேர்த்துக்கொண்டாள். வீட்டில் நடந்த சண்டை அங்கேயும் தொடர்ந்தது.

“ஒரு வாய் தண்ணி குடுடி.”

“வாயைக் கொப்புளிச்சுத் துப்புங்க. முழுங்கினா மிஷின் சொல்லிடும்.”

“மிஷின் எங்க சொல்லுது? நீதான் சொல்ற.”

அப்பாவின் இடக்கையில் ரத்தக்குழாய்களை இணைத்து அறுவை செய்திருந்தார்கள். தொட்டால் மோட்டார் போல அதிரும். ஒவ்வொரு முறையும் அதில் இரண்டு ஊசி. புதிய புதிய இடத்தில் கூர் ஊசியால் குத்தலாம். அல்லது ஒரே துளையில், ஒரே கோணத்தில், ஒரே ஆள் திரும்பத் திரும்பக் குத்தினால் உள்ளே ஒரு வழி உருவாகும். காது குத்திய துளை மாதிரி. பிறகு மழுங்கிய ஊசியே போதும், வலியும் குறைவு. அம்மா இரண்டாவது முறையைத் தேர்ந்தெடுத்தாள். அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் கண்டக்டர் குரலில் “வா, வா, வா… ரைட்!” என்று ஊசியை ஏற்றுவாள். அப்பா திட்டுவார். முறைக்கு முறை இதே வேடிக்கை.

வழி உருவானதும் இன்னொரு நர்ஸுக்கும் அதைக் கைப்பழக்கம் செய்துவிட வேண்டும். பிரிவில் அது விதி. அந்த விதியைக் கொண்டுவந்ததே அம்மாதான். மற்ற எல்லாக் கைகளுக்கும் அதன்படி நடந்தாள். அப்பாவின் கைக்கு மட்டும் இல்லை. காய்ச்சலோடும் போய்க் குத்தினாள்.

ஒரு ஞாயிறு மதியம், துணி காயப்போடும்போது விழுந்தவள் எழவில்லை. ஒரு வாரமாக நெஞ்சு வலி இருந்திருக்கிறது. அதை அவசரத்திடம் சொல்லியிருக்கிறாள்; எங்களிடம் இல்லை. “டிரைவர் சாரோட டர்ன் முடியட்டும், பாத்துக்கலாம்” என்றாளாம். அப்பாவின் முறை எப்போது முடியும்? அது முடிகிற முறையா?

திங்கள் அவளை அனுப்பினோம். செவ்வாய் அப்பாவின் முறை. துக்கத்துக்கு விடுப்பு உண்டு, சிறுநீரகத்துக்குக் கிடையாது.

“ஒரு நாள் விட்டா என்ன ஆயிடும்? பாவம், அண்ணன் படுக்கட்டும்” என்றாள் அத்தை.

“படுக்கத்தான் முடியல அத்தை. படுத்தா மூச்சு முட்டுது. காலைப் பாருங்க.”

கால் வீங்கிப் பளபளத்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் தந்த காபி, சோடா எல்லாவற்றையும் அவர் மறுக்காமல் குடித்திருந்தார். தடுக்க ஆள் இல்லை.

பிரிவில் அவசரம் அழுத கண்ணோடு கையுறை மாட்டினாள்.

“மாமா, இன்னைக்கு வேற இடத்துல கூர் ஊசி போடறேன்.”

“கையைச் சல்லடை ஆக்காத. போய் உங்க அக்காவைக் கூப்பிடு.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பக்கத்துக் கட்டிலில் டேங்கர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

அவசரம் என்னைத் தனியே அழைத்தாள். அந்தக் கையில் குத்த நல்ல இடம் அதிகம் மிச்சமில்லை. புது இடத்தில் ரத்தம் கட்டிக்கொண்டால் கழுத்தில் குழாய் வைக்க வேண்டும். அதுவரை நீர் கோத்த நுரையீரல் தாங்குமா என்பது சந்தேகம்.

“பழைய துளையிலயே போடேன். என்ன கோணம்?” அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில், வேறு கேள்வி வரவில்லை.

“யாருக்குத் தெரியும்? ‘என் புருஷன் கை, நான் பாத்துக்கறேன்’னு முதுகைக் காட்டி நின்னுக்குவாங்க. உங்கப்பாவும் வேற யாராவது கிட்ட வந்தா ஊரைக் கூட்டுவாரு. நல்ல ஜோடி போங்க.”

ஒரே ஒரு முறை முயல்வது என்று முடிவானது. துளையின் மேலிருந்த பொருக்கை ஊறவைத்து எடுத்தாள். மழுங்கிய ஊசி உள்ளே கொஞ்சம் போய் முட்டி நின்றது. நான் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார்.

“அங்க இல்ல” என்றார் சுவரைப் பார்த்து. “அழுத்தாத. பின்னால எடு.”

அவசரம் எடுத்தாள். முதல் தடவையாக அவள் அவசரப்படவில்லை.

“கையை இறக்கு. இன்னும் படுக்க வை. சும்மா ஒரு பொட்டு இடது பக்கம் ஒடி. இப்ப நேரா. வா… வா… வா…”

ஊசி வழுக்கிக்கொண்டு போனது. குழாயில் ரத்தம் ஏறியது.

“ரைட்” என்றார் அப்பா. தோள் குலுங்கியது, கை அசையவில்லை.

இரண்டாவது ஊசிக்கு முன் அவசரம் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். “புதுப் பொண்ணே, இங்க வா! பக்கத்துல நின்னு பாரு. அடுத்த தடவை இந்தக் கைக்கு நீதான்.”

“இவளுமா?” என்றார் அப்பா.

“ரெண்டு பேர் மாமா. விதி.”

புதுப் பெண் வந்து குனிந்து பார்த்தாள். அப்பா மறுபடி சுவரிடம் வழி சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதைச் செய்திருந்தால் அம்மா ஒரு நாள் லீவு போட்டு நெஞ்சைக் காட்டியிருக்கலாம். வெறும் ஐந்து நிமிடம், அம்மா.