கொசுறு

எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகிச் சேலையூருக்கு வந்த புதிதில், காம்ப் ரோட்டுக் காய்கறிக் கடைக்காரர் மாணிக்கத்தைப் போல நல்லவர் வேறு யாரும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். எதை வாங்கினாலும் கை நிறையக் கறிவேப்பிலை, கொத்துமல்லி, கூடவே பச்சைமிளகாய் என்று கொசுறு அள்ளிப் பையில் போடுவார். "உனுக்கு இல்லாததாம்மா!" என்பார். பிறந்த வீட்டை விட்டு வந்தவளுக்கு அது போதாதா?

ஒருநாள் என்கூட வந்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர், தராசில் இருந்த எடைக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்தார். வெளியே வந்ததும், "அடியில இருக்கற ஈயத்தை நோண்டி எடுத்து எடையைக் குறைச்சிருக்காரு. சர்க்கார் முத்திரையும் இல்ல. அந்தக் கல்லுல நிறுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. புகார் குடுக்கப் போறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாவம் டீச்சர், அள்ளி அள்ளிக் குடுக்கற மனுஷன்!"

"யாரோடதை அள்ளிக் குடுக்கறாரு?" என்றார் டீச்சர்.



அதிகாரி வந்து கற்களை எடுத்துப் போனார். அடுத்த தடவை நான் போனபோது, முத்திரை குத்திய புதுக்கல்லில் கத்தரிக்காயை நிறுத்தார் மாணிக்கம். "எடை கரீட்டா கீது, பாத்துக்கோ" என்றார். நான் பையை விரித்தபடியே நின்றேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

இன்று பாக்கெட்டுக்குப் பாக்கெட் எடை அச்சடித்திருக்கிறது. டீச்சர் செய்ததுதான் நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் எடை சரியாக இருக்கும் கடையிலிருந்து வெளியே வரும்போதுதான், பையில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.