நெற்றியில் பூசிய சிவப்பு

சிவானந்தன் வரைந்த முகங்கள் எனக்குப் பிடிக்காது. அதை அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். பச்சைக் கன்னம், கோணல் தாடை, ஒரு கண் பெரிது, மற்றது சிறிது. கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நான் பதிவறை எழுதுநர், அவர் மொழிபெயர்ப்பாளர். இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் சோற்றுப் பார்சல் பிரித்தவர்கள். பகலெல்லாம் நீதவான் சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும், தாய்மார் தமிழில் அழுவதைச் சிங்களத்திலும் சொல்லிவிட்டு, மாலையில் வெள்ளவத்தை வீட்டுக்குப் போய் அந்த முகங்களை வரைவார்.

“ஏன் ஐசே, மனிசரை மனிசராக் கீறத் தெரியாதோ?” என்று கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

“ஒருத்தி அழுதால் முகம் கோணுதுதானே? நான் அந்தக் கோணலைத்தான் கீறுறன். தோலைப் பாத்து நிறம் பூசுறதில்லை. உள்ளுக்குள்ள என்ன கிடக்குதோ அதுதான் நிறம்.”

ஒரேயொரு முறை கண்காட்சி வைத்தார். ஜேர்மன் ஓவியர்கள் எண்பது வருடத்துக்கு முன்பே செய்து முடித்ததை இவர் நகல் எடுக்கிறார், நவீன ஓவியம் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது என்று ஒரு பத்திரிகை விமர்சகர் எழுதினார். சிவானந்தன் அந்தப் பத்திரிகைத் துண்டை என் முன்னால் போட்டார்.

“அவங்கள் பயத்தைத்தான் கீறினவங்கள். எங்களுக்குப் பயம் இன்னும் முடியேல்லையே. முடிஞ்சாப் பிறகு நானும் வேறை மாதிரிக் கீறுறன்.”

நான் துண்டை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

தொண்ணூற்றாறில், கிருலப்பனையில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் பாலேஸ்வரி என்ற அம்மாவின் மகனைப் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடிக்கவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். அந்தத் தாய் ஆட்கொணர்வு மனுப் போட்டார்; மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை விசாரிக்க எங்கள் நீதவானிடம் அனுப்பியது. மகனின் புகைப்படம் என்று அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இடம்பெயர்ந்து வந்ததில் மற்றதெல்லாம் போய்விட்டது. அந்த ஒன்றும் வழக்குக் கோப்புக்குள் போனது.

“தம்பி, பிள்ளையின்ரை முகம் வீட்டில இல்லை. ஒண்டு கீறித் தருவீங்களோ?” என்று சிவானந்தனிடம் கேட்டார்.

ஆளைப் பார்த்துக் கேட்டாரே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். சிவானந்தனோ உருகிப்போனார். மதிய வேளைகளில் பதிவறைக்கு வந்து, கோப்பைத் திறந்து வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டு போனார்.

அப்படியிருக்க, அதே கோப்புக்குப் புதிதாக ஒரு கடதாசி வந்தது. அடையாளம் தெரியாத உடல் ஒன்றைப் பற்றிய பிரேத அறைக் குறிப்பு. சட்டையும் காலிலிருந்த தழும்பும் தாய் மனுவில் சொன்னபடியே இருந்தன. என் கையால்தான் அதைச் சிவானந்தனிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். மன்றில் வாசிக்கும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது. அடுத்த விசாரணைத் தவணைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

பாலேஸ்வரி படத்தை வாங்க வெள்ளவத்தைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். பையனின் கன்னம் நீலம். நெற்றியில் ஒரு திட்டுச் சிவப்பு. எங்கள் வீடுகளில் ஒருவரின் படத்துக்குப் பொட்டு வைத்தால் அவர் உயிரோடு இல்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தூரிகையைப் பிடித்தால் இந்த மனிதனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா நீலத்தைக் கவனிக்கவே இல்லை.

“ஏன் தம்பி பொட்டு வைச்சனீங்கள்? நீங்கள் கோட்டில இருக்கிறனீங்கள். ஏதும் கடுதாசி பாத்தனீங்களோ?”

சிவானந்தன் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அது இன்றும் என்னைக் குத்துகிறது.

“இல்லை அக்கா. அது சும்மா நிறம்,” என்றார்.

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, சிவப்பையும் நீலத்தையும் துணியால் துடைத்தார். பென்சிலில் வரைந்து வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து, புகைப்படத்தில் இருந்தபடியே முகத்தைத் திருத்தினார். தோலுக்குத் தோல் நிறமே பூசினார்.

“இப்பத்தான் இது என்ரை பிள்ளை,” என்று பாலேஸ்வரி முகம் மலர்ந்தார். ஈரம் காயுமுன்பே படத்தைக் கொண்டுபோனார். சிவானந்தன் வரைந்ததில் மோசமான படம் அதுதான். ஒருவர் ஆசையோடு சுவரில் கொழுவியதும் அது ஒன்றைத்தான்.

தவணையன்று அந்தக் குறிப்பைச் சிங்களத்தில் வாசித்தார்கள். சிவானந்தன் தமிழில் சொன்னார்: சட்டை, தழும்பு, திகதி. குரல் ஓரிடத்திலும் தடக்கவில்லை. பாலேஸ்வரி நீதவானின் பக்கம் திரும்பவே இல்லை; சிவானந்தனைத்தான் கேட்டார்.

“அண்டைக்கே தெரியுமோ தம்பி?”

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று நீதவான் கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சிவானந்தன் மொழிபெயர்க்காமல் நின்றார்.

நீதவான் இரண்டாம் முறையும் கேட்டார்.