கை ஆபரேஷனுக்குக் கழுத்தில் பிளேட்

எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது லாரி பாடி கட்டுகிறவரின் கதையைத்தான்.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் நான் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கு அவர் மனைவியோடு வந்தார். நாமக்கல்லில் பட்டறை. இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கிறவரிடம் போயிருக்கிறார். அவர் குழலை வைத்து உறிஞ்சி, கறித்துண்டு ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கிறார். இவர் சுத்த சைவம். அப்படியும் இன்னொரு முறை போயிருக்கிறார்.

அவர் சட்டையைக் கழற்றப் போனதும் அந்த அம்மா என்னிடம் வந்தார். "ஏனுங்க சாமி, அந்தப் பெரிய வியாதியா இருந்தா அவுருகிட்டச் சொல்லீராதீங்க."

படம் எடுப்பதுதான் என் வேலை, சொல்வது டாக்டர் என்றேன். அவர் வந்து நின்றதும் கேட்டேன்.

"தொண்டையில ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணீருக்கீங்களா?"

"இல்லீங்க."

டாக்டரிடமும் அதையே சொல்லியிருந்தார். தழும்பு இருந்தும் கழுத்து மடிப்போடு மடிப்பாகப் போயிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

பக்கவாட்டுப் படம் திரையில் வந்தது. கழுத்தெலும்பில் ஒரு பிளேட். அதில் ஒரு ஸ்க்ரூ மட்டும் கழன்று முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"கழுத்துல பிளேட் இருக்குதுங்களே?"

"அது கை மரத்துப் போனதுக்கு வெச்சதுங்க. ஏழெட்டு வருசமாச்சு. கை நல்லா இருக்குதுங்க."

கைக்குப் போகும் நரம்பு கழுத்தில்தான் நசுங்கியிருந்திருக்கிறது; அவர் கணக்கில் அது கை ஆபரேஷன். டாக்டர் படத்தைப் பார்த்தார். "ஸ்க்ரூ உணவுக்குழாயை அழுத்துது. நல்லவேளை, ஓட்டை விழுந்த மாதிரி தெரியல. எலும்பு கூடிடுச்சு, பிளேட்டையே எடுத்துடலாம். அப்பப்ப வந்து காட்டச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. வலி இல்லீங்களே."

"உங்க பட்டறையில லாரியை என்ன சொல்லி அனுப்புவீங்க?"

"கொஞ்ச நாள் ஓட்டீட்டு வாங்க, போல்ட்டெல்லாம் ஒருக்கா டைட் வெச்சரலாம்னு சொல்லியுடுவோமுங்க. ஒருத்தனும் வரமாட்டான்."

"அப்ப அது இல்லீங்களா? வெறும் ஸ்க்ரூங்களா?" என்று கேட்ட அந்த அம்மா, நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"ஸ்க்ரூவுக்குப் போயி அழுவறா பாருங்க" என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டைப் பொத்தான் போட அவருக்கு நெடுநேரம் ஆனது.

அன்றிலிருந்து நான் ஆபரேஷனை மட்டும் கேட்பதில்லை. "உடம்புல எங்கயாச்சும் இரும்பு வெச்சிருக்குதுங்களா?" என்றும் கேட்கிறேன். உள்ளே இருப்பது டைட்டானியம். ஆனால் இரும்பு என்றால்தான் ஞாபகம் வருகிறது.

பிளேட்டை எடுத்த பிறகு அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். இப்போது கழுத்தில் ஒன்றுமே இல்லை. படம் தேவையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் வருடம் தவறாமல் அந்த அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்.

"எதுக்கும் ஒருக்கா பாத்துருங்க சாமி."